தேடிப் போகும் இரும்புத் தூள்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, தலைமையாசிரியர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களே, வேலைக்காட்டிலிருந்து நேரே வந்து அமர்ந்திருக்கும் தோட்டத்துத் தாய்மார்களே, ஐயாமார்களே, இன்று பரிசு வாங்கப் போகிற பிள்ளைகளே, பரிசு வாங்காத பிள்ளைகளே, எல்லாருக்கும் என் பணிவான வணக்கம்.

பரிசு வாங்காத பிள்ளைகளைத் தனியாகக் கூப்பிட்டதற்குக் காரணம் உண்டு. நான் இந்தப் பள்ளியில் ஆறு ஆண்டுகள் படித்தேன். ஒரு பரிசுகூட வாங்கவில்லை. ஆனால் இங்கே பார்த்த ஒரு காட்சி என் வாழ்க்கையையே திருப்பிவிட்டது. நான்காம் வகுப்பில் எங்கள் ஆசிரியர், தோட்டத்துப் பட்டறையில் அரம் போட்டபோது விழுந்த இரும்புத் தூளைக் கொண்டுவரச் சொன்னார். அப்பாவிடம் கேட்டு ஒரு தீப்பெட்டி நிறையக் கொண்டுபோனேன். அதைக் காகிதத்தின் மேல் தூவி, அடியில் ஒரு லாடக் காந்தத்தை வைத்துக் காகிதத்தை மெல்லத் தட்டினார். கன்னாபின்னாவென்று கிடந்த தூள் அத்தனையும் கோடு கோடாக எழுந்து நின்றது. “கண்ணுக்குத் தெரியாத ஒண்ணு அங்க இருக்கு. இந்தத் தூள்தான் அதைக் காட்டிக் கொடுக்குது” என்றார் ஆசிரியர்.

இன்று நான் செய்கிற வேலையும் அதுதான். ஜொகூர்ப் பாலத்தைத் தாண்டி, சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. படம் எடுக்கும் பிரிவில் வேலை செய்கிறேன். காந்தத்தை வைத்து உடம்புக்குள்ளே பார்க்கிற வேலை. தலைமையாசிரியர் ஐயா “பிள்ளைகளுக்கும் புரிய வேண்டும், தோட்டத்து மக்களுக்கும் பயன்பட வேண்டும், அப்படி ஒன்று பேசுங்கள்” என்று கட்டளையிட்டார். ஆகவே, புற்றுநோய்க் கட்டியைக் காட்டிக் கொடுக்கும் இரும்புத் தூளைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

ஒரு நாள் தேக்கா பக்கத்துப் புளோக்கிலிருந்து ஒரு வயதான அம்மா ஈரல் படம் எடுக்க வந்தார். எம்.ஆர்.ஐ. அறைக்குள் இரும்பு எதுவும் போகக்கூடாது. எங்கள் இயந்திரத்தின் காந்தம் 1.5 டெஸ்லா, பூமியின் காந்த விசையைப்போல ஏறத்தாழ 30,000 மடங்கு. ஒரு சாவிக்கொத்து கையிலிருந்து பறந்துபோய் உள்ளே இருப்பவரைத் தாக்கிவிடும். அந்த அம்மாவின் தாலிக்கொடியில் நம் வழக்கப்படி நான்கைந்து ஊக்குகள் தொங்கின. “கழட்டணுமா தம்பி?” என்று தயங்கினார். “கொடியை ஐயா கையில குடுத்து வைங்கம்மா, அவர் வெளியிலதான உட்கார்ந்திருக்கார்” என்றேன். சிரித்துக்கொண்டே கழற்றிக் கொடுத்தார். பிறகு கையில் ஊசி ஏற்றும்போது ஒரு கேள்வி கேட்டார்.

“தம்பி, இந்த மருந்து என் கட்டியத் தேடிப் போகுமா?”

இருபது ஆண்டுக்கு மேல் இந்த வேலையில் இருக்கிறேன். இவ்வளவு நல்ல கேள்வியை யாரும் கேட்டதில்லை. அன்று நேரமில்லாததால் சுருக்கமாகப் பதில் சொன்னேன். முழுப் பதிலை இன்று உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலில், எம்.ஆர்.ஐ. எதைப் பார்க்கிறது? நம் உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர். தண்ணீரில் ஹைட்ரஜன் இருக்கிறது. ஒவ்வொரு ஹைட்ரஜன் அணுவின் கருவும் ஒரு குட்டிக் காந்தம். பெரிய காந்தத்துக்குள் ஆளைப் படுக்க வைத்தால் இந்தக் குட்டிக் காந்தங்கள் அதற்கு இணங்கி நிற்கப் பார்க்கும். ரேடியோ அலை ஒன்றை அனுப்பி அவற்றைச் சற்றுக் கலைக்கிறோம். அலையை நிறுத்தியதும் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. திரும்பும்போது அவையும் ஒரு சிற்றலையை வெளிவிடும். அந்த அலையைப் பிடித்துக் கணினி படம் வரைகிறது. கொழுப்பில் உள்ளது ஒரு வேகத்தில் திரும்பும், ஈரலில் உள்ளது வேறு வேகத்தில் திரும்பும். அந்த வேக வித்தியாசம்தான் படத்தில் கறுப்பும் வெள்ளையுமாகத் தெரிகிறது. எக்ஸ்ரே கதிர் இதில் கிடையாது.

இந்த முறையில் முதல் படத்தை 1973-இல் அமெரிக்காவில் பால் லாட்டர்பர் என்பவர் வெளியிட்டார். என்ன படம் தெரியுமா? தண்ணீர் நிரப்பிய இரண்டு மெல்லிய குழாய்கள். அவ்வளவுதான். அவர் அனுப்பிய கட்டுரையை ‘நேச்சர்’ என்ற ஆய்விதழ் முதலில் ஏற்க மறுத்தது. விடாமல் வாதாடி வெளியிட வைத்தார். அதே வேலைக்காக 2003-இல் பீட்டர் மான்ஸ்ஃபீல்டு என்ற ஆங்கிலேய விஞ்ஞானியோடு சேர்ந்து நோபல் பரிசு பெற்றார். முதல் முறை மறுக்கப்பட்டால் அதோடு கதை முடிந்துவிடவில்லை. பரிசு வாங்காத பிள்ளைகள் இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு நல்ல கண் இருந்தும் சின்னப் புற்றுநோய்க் கட்டி சில நேரம் தப்பிவிடும். ஏன்? தீபாவளிக்கு முந்தின இரவு சிராங்கூன் ரோட்டில் நின்று பாருங்கள். அந்தக் கூட்டத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவரைத் தேடச் சொன்னால் எப்படித் தேடுவீர்கள்? வெள்ளைச் சட்டை போட்டவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்களே! கட்டியும் நம் உடம்பின் உயிரணுக்களால் ஆனதுதான். அதிலும் தண்ணீர்தான். பக்கத்துச் சதையைப் போலவே சட்டை போட்டிருக்கும். அதற்கு வேறு நிறச் சட்டை மாட்டிவிடத்தான் ஊசி மருந்து. கடோலினியம் என்ற உலோகம் கலந்த மருந்து, தான் போய்ச் சேர்ந்த இடத்தை வெளிச்சமாக்கும். இரும்புத் தூள் மருந்தோ பெரும்பாலும் இடத்தை இருட்டாக்கும். ஒவ்வொரு இரும்புத் துகளும் தன்னைச் சுற்றியுள்ள காந்தப் புலத்தைக் கலைத்துவிடுவதால் அங்குள்ள தண்ணீரின் சத்தம் சீக்கிரம் அடங்கிப்போகும். படத்தில் அந்த இடம் கறுக்கும்.

பட்டறைத் தூளையா ஊசியில் ஏற்றுவார்கள் என்று பயப்பட வேண்டாம். இது நானோத் துகள். ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர். நம் தலைமுடியின் தடிப்பு ஏறத்தாழ 80,000 நானோமீட்டர். 10 நானோமீட்டர் அளவுள்ள இரும்பு ஆக்சைடுத் துகள்களை ஒரு முடியின் குறுக்கே வரிசையாக அடுக்கினால் 8,000 துகள் நிற்கும்.

இவ்வளவு சிறிதாக்கினால் இரும்பு ஆக்சைடுக்கு ஒரு புதுக் குணம் வருகிறது. வெளியில் காந்தம் இருக்கும்வரை அதுவும் வலுவான காந்தமாக இருக்கும். காந்தத்தை விலக்கிவிட்டால் உடனே மறந்துவிடும். ஆசிரியர் வகுப்பில் இருக்கும்வரை வரிசையாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப்போல. இந்த மறதி மிகவும் நல்லது. மறக்காத காந்தமாக இருந்தால் துகள்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு இரத்தக் குழாயில் கட்டியாகத் திரண்டுவிடும்.

அப்படியும் துகள்கள் ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். அதைத் தடுப்பது எப்படி என்பதைப் பால்மரம் சீவிய கைகளுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. மங்கில் விழும் பால் என்ன? தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய ரப்பர்த் துளிகள். ஒவ்வொரு துளியும் மேலே ஒரு மெல்லிய புரதப் போர்வை போர்த்தி, மின்னூட்டத்தோடு ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்பதால் பால் பாலாகவே இருக்கிறது. அமோனியா சேர்த்தால் இன்னும் பல நாள் அப்படியே இருக்கும். ஆசிட் ஊற்றினால்? தள்ளும் சக்தி போய்விடும், எல்லாம் ஒட்டிக்கொண்டு கட்டிப்பால் ஆகிவிடும். இரும்புத் தூள் மருந்து செய்பவர்களும் நீங்கள் ஸ்டோரில் பார்த்த அதே விதியைத்தான் பயன்படுத்துகிறார்கள். டெக்ஸ்ட்ரான் என்ற ஒருவகைச் சர்க்கரைப் பொருளைத் துகளுக்குப் போர்வையாகப் போர்த்திவிடுகிறார்கள். அதனால் அது இரத்தத்தில் கட்டிப்படாமல் மிதக்கும்.

இப்போது அந்த அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். மருந்து கட்டியைத் தேடிப் போகுமா?

இரும்புத் தூளில் செய்த முதல் ஈரல் மருந்துகள் கட்டியைத் தேடிப் போகவில்லை. நல்ல ஈரலைத்தான் தேடிப் போயின! இதைக் கேட்டால் விந்தையாக இருக்கும். ஈரலுக்குள் குப்பர் உயிரணுக்கள் என்று உண்டு. இரத்தத்தில் வரும் குப்பை கூளம், கிருமி, தூசு எல்லாவற்றையும் பிடித்து விழுங்குவது அவற்றின் வேலை. இரும்புத் துகளையும் குப்பை என்று நினைத்து விழுங்கிவிடும். ஆகவே நல்ல ஈரல் முழுவதும் படத்தில் கறுத்துப்போகும். புற்றுநோய்க் கட்டிக்குள் பெரும்பாலும் இந்தத் துப்புரவுக்காரர்கள் இல்லை. அங்கே இரும்பு சேராது. கறுத்த ஈரலின் நடுவே கட்டி மட்டும் வெளுப்பாக நிற்கும்.

அந்தக் காலத்தில் விடியற்காலைப் பெரட்டு நினைவிருக்கிறதா? கிராணி செக்ரோலைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவார். வந்தவர்கள் எல்லாரும் குரல் கொடுப்பார்கள். வராதவன் யார் என்று தேடி லயத்துக்கு ஓட வேண்டியதில்லை. குரல் கொடுக்காதவன் எவனோ அவன்தான். இந்த மருந்தும் அப்படித்தான். நல்லவர்களை எல்லாம் பேர் கொடுக்க வைத்து, பேர் கொடுக்காதவனைக் காட்டிக் கொடுத்தது.

இந்த வகையில் ஃபெருமாக்சைடு என்ற மருந்துக்கு 1996-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 34 மில்லிகிராம் அளவு இரும்பு போதும். நம் உடம்பில் இயற்கையாகவே 3 முதல் 4 கிராம் இரும்பு இருக்கிறது. அதில் நூற்றில் ஒரு பங்குதான் இது. வேலை முடிந்ததும் உடம்பு அதைக் கரைத்து இரத்தம் உண்டாக்கப் பயன்படுத்திக்கொள்ளும். 2001-இல் ஐரோப்பாவில் ஃபெருகார்போட்ரான் என்ற இன்னொன்று வந்தது.

அடுத்து, 2003-இல் ஒரு பெரிய செய்தி வந்தது. ஆண்களுக்கு வரும் புராஸ்டேட் சுரப்பிப் புற்றுநோய் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்க இன்னும் சிறிய இரும்புத் துகளைப் பயன்படுத்தினார்கள். அதன் பெயர் ஃபெருமாக்ஸ்ட்ரான். 80 நோயாளிகளைப் பரிசோதித்தார்கள். அவர்களில் 33 பேருக்குக் கணுக்களில் நோய் பரவியிருந்தது. அந்த 33 பேரையும் இரும்புத் துகள் படம் ஒருவர் விடாமல் காட்டிக் கொடுத்தது. சாதாரண எம்.ஆர்.ஐ. படமோ அவர்களில் பாதிப் பேரைக்கூடக் காட்டவில்லை. இங்கும் அதே பெரட்டுக் கணக்குதான்: நல்ல கணு இரும்பை விழுங்கிக் கறுக்கும், நோயுள்ள கணு கறுக்காது.

இதெல்லாம் மருந்து தானாகப் போய்ச் சேர்கிற இடத்தை நாம் பயன்படுத்திக்கொள்வது. நேராகக் கட்டிக்கே அனுப்ப முடியாதா என்று விஞ்ஞானிகள் கேட்டார்கள். அதற்கு இரண்டு வழி.

ஒன்று, வெளியே காந்தத்தை வைத்து இழுப்பது. இதைச் சிங்கப்பூரிலேயே செய்து பார்த்திருக்கிறார்கள். ஜூரோங் பக்கம் இருக்கும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பொருளறிவியல் பேராசிரியர் ஆர். வி. இராமானுஜன் அவர்களும் அவருடைய குழுவினரும், அவுட்ராமில் உள்ள சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை மருத்துவர்களோடு சேர்ந்து 2009-இல் ‘நானோடெக்னாலஜி’ என்ற ஆய்விதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நடுவில் இரும்பு ஆக்சைடு. அதன்மேல் சூடு ஏறினால் சுருங்குகிற ஒரு பாலிமர்ப் போர்வை. போர்வைக்குள் டாக்சோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்து. ஈரல் புற்றுநோய் உள்ள எலிகளுக்கு இதைச் செலுத்தி, காந்தத்தால் கட்டியின் பக்கம் இழுத்து, போய்ச் சேர்ந்ததா என்று எம்.ஆர்.ஐ. படத்தில் பார்த்தார்கள். ஒரே துகள் மூன்று வேலை செய்ய வேண்டும் என்பது அவர்கள் எண்ணம்: இருக்கிற இடத்தைக் காட்ட வேண்டும், சூடேற வேண்டும், மருந்தை இறக்க வேண்டும். தபால்காரர் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, கொடுத்ததற்கு அத்தாட்சியாகப் படமும் எடுத்து வருவதுபோல!

இதில் ஒரு சங்கடம் உண்டு. காந்தத்தின் இழுவை தூரம் போகப் போக மிக விரைவாகக் குறைந்துவிடும். லாடக் காந்தத்தை ஆணியிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துப் பாருங்கள், தெரியும். எலியின் ஈரல் தோலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. மனிதனின் ஈரல் ஆழத்தில் இருக்கிறது.

இரண்டாவது வழி, துகளின் மேல் ஒரு சாவியை ஒட்டுவது. ஒவ்வொரு வீட்டுக் கதவுக்கும் ஒரு பூட்டு உண்டு அல்லவா? சில புற்றுநோய் உயிரணுக்களின் மேல் சில பூட்டுகள் அளவுக்கு மிஞ்சி இருக்கும். மார்பகப் புற்றுநோயில் ஒரு வகைக்கு ‘ஹெர்-2’ என்ற புரதம் மிகுந்திருக்கும். அதில் மட்டும் போய்ப் பொருந்துகிற எதிர்ப்புப் புரதம் ஒன்று மருந்தாகவே இருக்கிறது. அந்த எதிர்ப்புப் புரதத்தை இரும்புத் துகளில் ஒட்டிவிட்டால் துகள் கட்டியின் கதவில் போய் நிற்கும் அல்லவா? கொரியாவில் யோன்செய் பல்கலைக்கழகத்தார் மாங்கனீசு கலந்த இரும்பு ஆக்சைடுத் துகளில் இப்படிச் செய்து, எலிகளில் மிகச் சிறிய கட்டியைப் படத்தில் பிடித்ததாக 2007-இல் வெளியிட்டார்கள். போலிக் அமிலம் என்ற வைட்டமினையும் சாவியாக்கிப் பார்த்தார்கள். சில கட்டிகள் அந்த வைட்டமினுக்கு அலைபவை.

இதைக் கேட்டதும் கைதட்டத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். மீதிக் கதையையும் சொல்லாவிட்டால் நான் உங்களை ஏமாற்றியவன் ஆவேன்.

ஊசியில் ஏறிய துகள் கட்டியின் கதவு வரைக்கும் போக வேண்டுமே! இரத்தத்தில் விழுந்த உடனே இரத்தப் புரதங்கள் அதன்மேல் ஒட்டிக்கொண்டு சாவியை மூடிவிடுகின்றன. வழியில் ஈரலும் மண்ணீரலும் அவற்றை விழுங்கிவிடுகின்றன. முதலில் நமக்கு உதவிய அதே துப்புரவுக்காரர்கள் இங்கே எதிரிகள் ஆகிவிட்டார்கள். கனடாவில் டொராண்டோ பல்கலைக்கழகத்தார், இரும்பு மட்டுமல்லாமல் எல்லா வகை நானோத் துகள்களையும் பற்றிப் பத்து ஆண்டுகளில் வெளிவந்த ஆய்வுகளைத் திரட்டி 2016-இல் ஒரு கணக்குப் போட்டார்கள். செலுத்திய துகளில் கட்டிக்குப் போய்ச் சேர்ந்தது எவ்வளவு? நடுத்தரமாக நூற்றுக்கு 0.7 பங்கு. ஆயிரம் பேரை வேலைக்கு அனுப்பினால் ஏழு பேர்தான் வேலைக்காட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள்! மீதிப் பேர் வழியிலேயே நின்றுவிட்டார்கள்.

முன்பு சொன்ன ஈரல் மருந்துகளும் நிலைக்கவில்லை. ஃபெருமாக்சைடை அரை மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும். சிலருக்கு இடுப்பு வலி வந்தது. 2008 வாக்கில் அதைச் செய்வதை நிறுத்திவிட்டார்கள். ஃபெருகார்போட்ரான் 2009-இல் ஐரோப்பாவில் நின்றுபோனது, ஜப்பானில் நிலைத்தது. ஃபெருமாக்ஸ்ட்ரானுக்கு அமெரிக்கா பொது அனுமதி கொடுக்கவில்லை. நெதர்லாந்தில் மருத்துவர்கள் விடாமல் ஆராய்ந்து வந்திருக்கிறார்கள். அந்த அம்மாவுக்கு நான் ஏற்றியதுகூட இரும்பு அல்ல, ஈரல் உயிரணுக்கள் இழுத்துக்கொள்ளும் ஒருவகைக் கடோலினிய மருந்து. 20 நிமிடம் காத்திருந்து படம் எடுத்தால் நல்ல ஈரல் வெளிச்சமாகும், கட்டி இருட்டாக நிற்கும். நிறம் மாறியது, பெரட்டுக் கணக்கு மாறவில்லை.

ஆனாலும் இரும்புத் தூள் தோற்றுவிடவில்லை. 2009-இல் ஃபெருமாக்சிட்டால் என்ற இரும்புத் துகள் மருந்து, சிறுநீரக நோயாளிகளின் இரத்தசோகைக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதையே சில மருத்துவர்கள் படம் எடுக்கவும் பயன்படுத்துகிறார்கள். மார்பகப் புற்றுநோய் அறுவையில், நோய் முதலில் பரவக்கூடிய கணு எது என்று கண்டுபிடிக்க இரும்புத் துகளைச் செலுத்தி, காந்தக் கருவியால் தேடும் முறைக்கு 2018-இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. சாவி ஒட்டிய துகள் மட்டும் இன்னும் ஆய்வுக்கூடத்தைத் தாண்டி நம் வார்டுக்குள் அன்றாட மருந்தாக வரவில்லை. ஆகவே அந்த அம்மாவுக்கு என் நேர்மையான பதில் இதுதான்: “இன்னைக்கு நல்ல ஈரலைத்தாம்மா தேடிப் போகுது. கட்டியைத் தேடிப் போறதுக்கு இன்னும் படிச்சுக்கிட்டு இருக்காங்க.”

இதை ஏன் இவ்வளவு விளக்கமாகச் சொல்கிறேன்? ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்கா மார்க்கெட்டில் நம்மூர்க்காரர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். சிங்கப்பூரில் வேலை செய்பவர். “அண்ணே, நீங்க காந்த ஆஸ்பத்திரியிலதான இருக்கீங்க? இந்தக் காந்த வளையலைப் போட்டா கட்டி கரைஞ்சிடும்னு சொல்றாங்களே, அம்மாவுக்கு வாங்கிட்டேன்” என்று ஒரு பெட்டியைக் காட்டினார். அவருடைய ஒரு மாதச் சம்பளத்தில் பாதி அதில் போயிருந்தது. நான் என்ன சொல்ல? அதைவிடப் பல மடங்கு வலிமையுள்ள காந்தத்துக்குள் நாள் முழுக்க ஆட்களை அனுப்பி எடுக்கிறேன். ஒருவருடைய கட்டியும் அதனால் கரைந்து நான் பார்த்ததில்லை. எங்கள் காந்தம் பார்க்கும், கரைக்காது. மேதைகள் பல ஆண்டு உழைத்து ஆயிரத்தில் ஏழு துகளைக் கட்டியிடம் சேர்க்கத் திண்டாடுகிறார்கள். மணிக்கட்டில் போட்ட வளையல் எப்படிப் போய்ச் சேரும்? “அந்தக் காசுக்கு அம்மாவை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருக்கலாமே தம்பி” என்றேன். அவர் முகம் வாடிப்போனது. அவர்மேல் குற்றமில்லை. பாசத்தில் வாங்கியிருக்கிறார். விஞ்ஞானத்தின் பெயரைச் சொல்லி விற்கிறவனுக்குத்தான் வெட்கம் வேண்டும்.

இப்போது என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன்.

தீப்பெட்டியில் இரும்புத் தூள் போட்டுக் கொடுத்த என் அப்பாவை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். இதே தோட்டத்தில் இருபத்தாறு ஆண்டு மரம் வெட்டியவர். 1996-இல் நான் படிப்பில் இருந்தபோது வயிறு வீங்குகிறது என்றார். “வாயு, சரியாப் போயிடும்” என்று மூன்று மாதம் கசாயம் குடித்தார். ஒருநாள் கூலி போய்விடும் என்பதால் மருத்துவரிடம் போகவில்லை. நான் லீவில் வந்து அவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். கட்டி என் கைக்கே தட்டுப்பட்டது. ஈரல் புற்றுநோய். சிறு வயதிலிருந்தே ஹெப்பட்டைட்டிஸ் பி கிருமி அவர் உடம்பில் இருந்ததாகப் பிறகு சொன்னார்கள். அது முப்பது நாற்பது ஆண்டு சத்தம் காட்டாமல் ஈரலுக்குள் இருக்கும். அப்பாவின் கட்டியைக் காண நானோத் துகள் தேவைப்படவில்லை. எம்.ஆர்.ஐ.கூடத் தேவைப்படவில்லை. எங்களுக்கு நேரம்தான் தேவைப்பட்டது; அது இல்லை. ஏழு வாரத்தில் போய்விட்டார்.

தேக்காவிலிருந்து வந்த அந்த அம்மாவுக்கும் அதே கிருமிதான். ஆனால் அவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் ஸ்கேன் எடுத்து வந்தவர். அதில் ஒரு சின்னப் புள்ளி தெரிந்ததால்தான் எங்களிடம் அனுப்பினார்கள். சில மாதம் கழித்து மார்க்கெட்டில் வாழைப்பூவுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டதும், “தம்பி! சின்னதா இருந்துச்சாம். வெட்டி எடுத்துட்டாங்க. ஊக்கு எல்லாம் திரும்ப மாட்டிக்கிட்டேன் பாரு!” என்று கழுத்தைக் காட்டினார். அவர் போன பிறகு அந்த இடத்திலேயே சற்று நேரம் நின்றுவிட்டேன். அப்பாவின் நினைவு வந்துவிட்டது.

ஆகவே தாய்மார்களே, ஐயாமார்களே, என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. இரத்தத்தில் ஹெப்பட்டைட்டிஸ் பி இருக்கிறதா என்று ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள். பிறந்த குழந்தைகளுக்கு இதற்கான தடுப்பூசியைச் சிங்கப்பூர் 1987-இலும் மலேசியா 1989-இலும் நாடு முழுவதும் போடத் தொடங்கின. அதற்குப் பின் பிறந்த பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் பாதுகாப்பு உண்டு. அதற்கு முன் பிறந்த நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். கிருமி இருந்தால் பயப்பட வேண்டாம்; மருந்து உண்டு. டாக்டர் சொல்கிறபடி ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுங்கள். ஒருநாள் கூலி போகும், போகட்டும். என் அப்பா மிச்சம் பிடித்த அந்தக் கூலியை நான் இன்றுவரை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. ஆயிரம் துகளில் ஏழு மட்டும்தான் போய்ச் சேருகிறது என்றேன். மீதி 993-ஐ யார் கொண்டுபோய்ச் சேர்ப்பது? அது இன்னும் யாரும் போடாத கணக்கு. துகளைச் செய்ய வேதியியல் வேண்டும். காந்தத்தை அறிய இயற்பியல் வேண்டும். பூட்டையும் சாவியையும் அறிய உயிரியல் வேண்டும். படம் வரையக் கணிதம் வேண்டும். நோயாளியின் தாலிக்கொடியைப் பதமாகக் கழற்றச் சொல்ல நம் தமிழ் வேண்டும். இவற்றில் ஒன்றையாவது கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். இந்தப் பள்ளியில் ஒரு தீப்பெட்டி இரும்புத் தூளைப் பார்த்தவன் இவ்வளவு தூரம் போக முடிந்தது என்றால், நீங்கள் அந்த 993-க்கும் வழி கண்டுபிடிக்கலாம்.

தலைமையாசிரியர் ஐயா அனுமதித்தால், நான் கொண்டுவந்திருக்கும் பத்து லாடக் காந்தங்களை நான்காம் வகுப்புக்குக் கொடுத்துவிட்டுப் போகிறேன். தூளை மட்டும் நீங்களே உங்கள் அப்பாவிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.